இருபதாவது பெயர்

எண்பத்து நான்காம் வருடம் மார்ச் மாதத்தில், பத்தொன்பது என்ற எண்ணைப் பார்க்கவே சீதாலெட்சுமிக்குப் பிடிக்கவில்லை.

கோலாலம்பூர் செந்தூலில் ரயில்வே பட்டறைக்குப் பின்னால் இருந்த அடுக்குமாடி வீடுகளின் கீழே ஒரு பொது மண்டபம். அதில்தான் அரசாங்கத்தின் பாலர் வகுப்பு நடந்தது. ஆறு வருடமாக அதற்கு அவள் ஆசிரியை. மூன்று இனத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து பழக வேண்டும் என்பதற்காகவே தொடங்கிய வகுப்பு அது. அதனால் மாதக் கடைசியில் இலாகாவுக்கு ஒரு பாரம் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். மலாய், சீனர், இந்தியர், மற்றவர் என்று நான்கு கட்டங்கள். ஐந்தாவது கட்டத்தில் மொத்தம்.

முந்தின வருடம் மொத்தம் இருபத்தெட்டு. இந்த வருடம் சீனப் பிள்ளைகள் பாதிக்குமேல் நின்றுவிட்டார்கள். மாவு மில்லில் வேலை பார்த்த வோங் தன் இரட்டைப் பிள்ளைகளைச் சீனப் பாலர் பள்ளிக்கு மாற்றிக்கொண்டு கெப்போங் பக்கம் குடிபோனார். மலாய்க் குடும்பங்கள் இரண்டு ஷா ஆலமில் வீடு கிடைத்துப் போய்விட்டன. மிஞ்சியது ஏழு, மூன்று, ஒன்பது. மற்றவர் கட்டத்தில் சைபர்.

இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் இருபது பிள்ளைகள் இல்லையென்றால் வகுப்பை இன்னொரு இடத்தோடு சேர்த்துவிடுவார்கள். ஆசிரியை என்ன ஆவார் என்று கடிதத்தில் எழுதவில்லை.

சீதாலெட்சுமி வீடு வீடாக ஏறினாள். மத்தியான வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நான்கு புளோக்குகளிலும் ஒரு கதவு விடாமல் தட்டினாள். "நல்லா சொல்லிக் குடுப்போம் ஆன்டி, பால் குடுப்போம், மூனு மொழியும் பழகிக்கும்" என்று சொன்னதையே சொல்லித் தொண்டை கட்டிப்போனது. ஒரு வீட்டில் டாக்சி ஓட்டும் ராதாகிருஷ்ணன் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "உங்க பொண்ணு எங்க படிக்குது டீச்சர்? இங்கதானே?"

"ஆமா, இங்கதான்" என்று வாயில் வந்துவிட்டது.

அது பொய். அவள் மகள் தர்ஷினி பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் ஆங்கிலப் பாலர் பள்ளியில் படித்தாள். கணவன் பாலனுக்கு ரயில்வே தலைமை ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. காலையில் மோட்டார் சைக்கிளில் மகளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போய் அங்கே இறக்கிவிட்டு வேலைக்குப் போவான். "அவருக்குப் பிள்ளை இங்கிலீஷ் பேசணும்னு ஆசை" என்று சீதாலெட்சுமி சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்வாள். உண்மையில் அந்தப் பள்ளியை முதலில் கண்டுபிடித்ததும், பாரம் வாங்கி வந்ததும், தயங்கிய பாலனைச் சம்மதிக்க வைத்ததும் அவள்தான். தன் வகுப்பில் தன் பிள்ளையை உட்கார வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. காரணத்தை அவள் தனக்குக்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

அந்த வாரம்தான் மாரியாயி வந்தாள்.

மாரியாயி அந்தத் தெருவைக் கூட்டுபவள். ரயில் பாதை ஓரத்தில் கம்பம் என்று சொல்லும் குடிசைப் பகுதியில் பலகை வீடு. புருஷன் நாகையா லோரியில் அட்டெண்டனாகப் போனவன், ஒருநாள் ஜோகூர் பக்கம் போய்த் திரும்பி வரவில்லை. காலையில் துடைப்பத்தோடும் மகளோடும் வருவாள். மகள் அஞ்சலைக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்தது. அம்மா கூட்டி முடிக்கும்வரை மண்டபத்துப் படியில் உட்கார்ந்து கம்பிக் கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"டீச்சர், இவளையும் சேத்துக்குங்களேன்" என்றாள் மாரியாயி. சொல்வதற்கு முன்னால் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

சீதாலெட்சுமிக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. இருபது! "சூராட் பெரானா இருக்கா?" என்றாள் உடனே.

பிறப்புப் பத்திரம் இல்லை. காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்து வீட்டிலேயே பிறந்த பிள்ளை. அந்த மாதமே தோட்டம் கைமாறி எல்லோரும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதில் யாரும் போய்ப் பதியவில்லை. பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பத்திர எண்ணை எழுத வேண்டும். எண் இல்லாத பிள்ளை இலாகாவின் கணக்கில் பிள்ளையே இல்லை.

இதை நிதானமாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். எந்த ஆபீசுக்குப் போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். சீதாலெட்சுமி அன்று எட்டு வீடு ஏறி இறங்கியிருந்தாள், ஒரு நொடி கிடைத்த ஆசையும் போய்விட்டது. "இடம் இல்ல மாரியாயி. எல்லாம் நிறைஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாரியாயி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூட்டப் போனாள். மறுநாளும் அஞ்சலை அதே படியில் உட்கார்ந்திருந்தாள்.

முப்பதாம் தேதி சாயங்காலம், பாலன் குளித்துக்கொண்டிருந்தபோது, சீதாலெட்சுமி அலமாரியிலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து தர்ஷினியின் பத்திரத்தை எடுத்தாள். எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டாள். அடுத்த நாள் பதிவேட்டின் இருபதாவது வரியில் மகள் பெயர் ஏறியது. இந்தியர் கட்டத்தில் ஒன்பது பத்தானது. மொத்தம் இருபது. 'என் சொந்தப் பிள்ளைதானே, இல்லாத பிள்ளையையா எழுதிவிட்டேன்' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

ஏப்ரல் இரண்டாம் வாரம், ஒன்பது மணி இருக்கும், பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது இலாகாவின் வெள்ளைக் கார் வந்து நின்றது. மேற்பார்வை அதிகாரி புவான் ரொக்கியா கையில் கோப்போடு இறங்கிக் கார்க் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். தகவல் ஏதும் சொல்லாமல் வந்திருந்தார்.

சீதாலெட்சுமி பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். பாயில் பத்தொன்பது தலை. எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை.

அப்போதுதான் படியில் இருந்த அஞ்சலையைப் பார்த்தாள். பிறகு செய்ததை அவள் யோசித்துச் செய்யவில்லை. கம்பிக் கதவைத் திறந்தாள், பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள், பாயின் ஓரத்தில் உட்கார வைத்துக் காதருகே குனிந்தாள். "தர்ஷினின்னு கூப்பிட்டா அடா சிக்குன்னு சொல்லணும். என்ன?"

மலாயில் 'இருக்கேன் டீச்சர்' என்ற பதில் அது. அஞ்சலை தலையை ஆட்டினாள்.

புவான் ரொக்கியா பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கடைசிப் பெயரைக் கூப்பிட்டதும் அஞ்சலை எழுந்து நின்று, கணீரென்று, "அடா சிக்கு!" என்றாள். மற்ற பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை. அதிகாரி சிரித்தார். எண்ணத் தெரியுமா என்று மலாயில் கேட்டார். அஞ்சலை ஒன்றிலிருந்து முப்பதுவரை மலாயில் எண்ணினாள். நிறங்களின் பெயரைச் சொன்னாள். ஒரு மாதம் படியில் உட்கார்ந்து கேட்டது அத்தனையும் அவளுக்குப் பாடமாகியிருந்தது.

"பாகுஸ்" என்று பாராட்டி அதிகாரி கோப்பை மூடினார். "வகுப்பு இருக்கும், சிக்கு. கவலைப்படாதீங்க."

கார் போனதும் சீதாலெட்சுமி நாற்காலியில் உட்கார்ந்தாள். வாசலில் யாரோ விசும்பும் சத்தம். மாரியாயி துடைப்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கம்பிக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"எடமில்லன்னு சொன்னீங்க டீச்சர். அப்புறம் மனசு கேக்காம நீங்களே வந்து கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனீங்க, நான் பாத்தேன். நீங்க நல்லா இருப்பீங்க டீச்சர்."

சீதாலெட்சுமி மேசையில் திறந்துகிடந்த பதிவேட்டை மூடினாள்.

உண்மையை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அஞ்சலைதான் வந்து நின்றாள். தலையில் எண்ணெய் வழிய வழிய இரண்டு சடை. காலில் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய புதுச் சிலிப்பர். அந்தப் பிள்ளையைப் பார்த்துத் திரும்பிப் போ என்று சொல்ல எந்த வாயால் முடியும்? உள்ளே விட்டாள்.

அதிகாரி திரும்ப எப்போது வருவாரோ என்ற பயத்தில், பெயர் கூப்பிடும்போது தர்ஷினி என்றே கூப்பிட்டாள். ஒரு வாரத்தில் மற்ற பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டார்கள். பத்து நாள் கழித்து மாரியாயி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"எம் பேரு தர்ஷினின்னு சொல்லுது டீச்சர், வீட்டுல அஞ்சலைன்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்குது! பேரு நீங்களா வச்சீங்க?"

சீதாலெட்சுமி தரையைப் பார்த்தபடி, "ஆமா" என்றாள்.

"நல்லா ஸ்டைலா இருக்குலா. எங்க மாமியா பேரத்தான் அவரு வச்சாரு. அவரே போயிட்டாரு. இனி நானும் இப்படியே கூப்பிடுறேன்."

அன்று மாலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த மகள் மோட்டாரிலிருந்து இறங்கி, "மம்மி!" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். பாலன் "தர்ஷினி, பேக்கை எடு" என்று கூப்பிட்டான். சீதாலெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். மகளை அந்தப் பெயரால் கூப்பிட அன்றிலிருந்து அவளுக்கு நா எழவில்லை. பாப்பா என்றுதான் கூப்பிட்டாள். பாலன் அதைக் கவனிக்கவில்லை.

ஜூன் மாதம் ஒருநாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு மாரியாயியிடம் பேச்செடுத்தாள். "சூராட் பெரானாவுக்கு எழுதிப் போடணும். நான் பாரம் வாங்கித் தரேன்."

"எதுக்கு டீச்சர்? அதான் சேத்துட்டீங்களே" என்றாள் மாரியாயி. "அது இல்லாமலே ஆயிடுச்சே. லீவு போட்டா அன்னாடச் சம்பளம் போயிடும்."

அது இல்லாமல் ஆகவில்லை என்று சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சீதாலெட்சுமி, "சரி, அப்புறம் பாப்போம்" என்றாள். அந்த 'அப்புறம்' ஐந்து மாதம் இழுத்தது. இதற்கிடையே அஞ்சலை எழுதப் படித்துவிட்டாள். பலகையில் ஆங்கில எழுத்தில் தர்ஷினி என்று பிசகாமல் எழுதுவாள். எழுதிவிட்டு, சரியா என்று டீச்சரை நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வைக்குச் சீதாலெட்சுமி ஒவ்வொரு தடவையும் தலையை மட்டும் ஆட்டுவாள்.

நவம்பரில் அதே மண்டபத்தில் ஆண்டு இறுதி விழா. அக்கம்பக்கத்துப் பாலர் வகுப்புகளுக்கு இடையே நடந்த வர்ணம் தீட்டும் போட்டியில் இந்த வகுப்புப் பிள்ளைக்கு முதல் பரிசு என்று இலாகாவிலிருந்து போன் வந்திருந்தது. எந்தப் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். மஞ்சள் ரயில் ஒன்று வரைந்து, சன்னல் சன்னலாக ஆட்களை உட்கார வைத்திருந்தாள் அஞ்சலை.

விழாவுக்கு வர வேண்டாம் என்று பாலனிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மனைவி நனைந்துகொண்டு வர வேண்டாமே என்று அவன் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு மகளோடு வந்துவிட்டான். கூட்டத்தின் பின்வரிசையில் அவர்கள் உட்கார்ந்ததைச் சீதாலெட்சுமி பார்த்தபோது மேடையில் ஒலிபெருக்கி பேசத் தொடங்கிவிட்டது. முன்வரிசையில் மாரியாயி இருந்தாள், கத்தரிப்பூ நிறச் சேலையில். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

புவான் ரொக்கியா சான்றிதழைப் பார்த்து வாசித்தார். "தர்ஷினி, அனாக் பெரம்புவான் பாலன்."

பாலனின் மகள் தர்ஷினி.

அஞ்சலை துள்ளி எழுந்து மேடைக்கு ஓடினாள். மாரியாயி கை தட்ட எடுத்தவள் பாதியில் நிறுத்தினாள். "பாலனா?" என்று பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துக் கேட்டாள். பேரைத் தப்பாக எழுதிவிட்டார்கள் போல என்று நினைத்து எழுந்திருக்கவும் செய்தாள்.

அதே நேரம் பின்வரிசையிலிருந்து பளிச்சென்ற கவுனும் வெள்ளைக் காலுறையுமாக ஒரு சிறுமி நடுவழியே நடந்து வந்தாள். "மம்மி, என் பேரைக் கூப்பிடுறாங்க" என்றாள். மேடையில் நின்ற பிள்ளையைப் பார்த்ததும் நின்றாள். "தட்ஸ் மை நேம்!"

"எம் பேரு" என்றாள் அஞ்சலை மேடையிலிருந்து. "டீச்சர் வச்ச பேரு."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பும் நின்றது. டாக்சி ஓட்டும் ராதாகிருஷ்ணன் இந்தப் பிள்ளையையும் அந்தப் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சீதாலெட்சுமியைப் பார்த்தார். பாலன் எழுந்து நின்றிருந்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை, ஒன்றும் புரியாத முகம். புவான் ரொக்கியா ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு, "மானா சத்து, சிக்கு?" என்றார் மெதுவாக. இரண்டு பேரில் யார் அந்தப் பிள்ளை என்று கேட்டார்.

சீதாலெட்சுமிக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தன. கையைத் தூக்கித் தன் மகளைக் காட்டினாள்.

மாரியாயிக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேடைக்குப் போனாள். மகள் கையிலிருந்த சான்றிதழை மெல்ல உருவினாள். நேரே சீதாலெட்சுமியிடம் வந்து, இரண்டு கையாலும் நீட்டினாள். எதையும் யாருக்கும் ஒரு கையால் கொடுத்துப் பழக்கமில்லாதவள்.

"உங்க புள்ளயோடது டீச்சர்."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். அழும் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் பாலன் மழைக்கோட்டை உதறிக் கொடியில் போட்டான். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பிள்ளைகிட்டயாவது" என்றான். சீதாலெட்சுமி அன்றே இலாகாவுக்குக் கடிதம் எழுதினாள். இருபதாவது பெயர் பொய் என்பதை எழுதினாள். எண் இல்லாத ஒரு பிள்ளையை அந்தப் பெயரில் ஏழு மாதம் உட்கார வைத்ததை எழுதினாள். காரணம் எழுதும் இடத்தில் மூன்று தடவை எழுதி அடித்துவிட்டு, கடைசியில் வெறுமனே விட்டாள்.

திங்கட்கிழமை மாரியாயி தெருவைக் கூட்ட வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை சீதாலெட்சுமி ரயில் பாதை ஓரமாக நடந்து கம்பத்துக்குப் போனாள். ஆறு வருடத்தில் நான்கு புளோக்கும் ஏறியிருக்கிறாள், இந்தப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை என்பது அந்த ஒற்றையடிப் பாதையில்தான் உறைத்தது. பலகை வீடுகளின் வாசலில் ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேர் என்று அவள் கண் தன்னாலேயே எண்ணியது. ஏழு பேர்.

மாரியாயி உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

"தப்பு பண்ணிட்டேன்" என்றாள் சீதாலெட்சுமி.

"எடமில்லன்னு சொன்னதும் பொய்யா டீச்சர்?"

"பொய்தான்."

மாரியாயி அடுப்பில் இருந்ததைக் கிளறினாள். "புள்ளைக்கு என்னத்த சொல்றது? நாலு நாளா எம் பேரு என்னான்னு கேக்குது."

பதிவு ஆபீசுக்கு நான் கூட வருகிறேன் என்று சீதாலெட்சுமி சொன்னாள். குடும்பத்தைத் தெரிந்த இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் நான் போடுகிறேன் என்றாள். மாரியாயி அடுப்பை அணைத்தாள். பிறகு, "வெள்ளிக்கெழம லீவு கேக்குறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மூன்று பேரும் போனார்கள். மாரியாயியின் பக்கத்து வீட்டு அய்யாவும் இரண்டாவது சாட்சியாகக் கூட வந்தார். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார்கள். கவுண்டரில் இருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டு, விசாரணை முடிய ஆறு மாதமாவது ஆகும் என்றார். ஜனவரியில் முதலாம் வகுப்புக்கு முடியாது, அதற்கடுத்த வருடம் பார்க்கலாம். ஜூன் மாதமே வந்திருந்தால் கிடைத்திருக்கும் என்றும் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சீதாலெட்சுமி கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பிள்ளையின் ஒரு வருடம். மாரியாயி அவள் பக்கம் திரும்பாமலே நின்றாள்.

"பிள்ளை பேர் என்ன?"

அஞ்சலை அம்மாவை அண்ணாந்து பார்த்தாள், பிறகு டீச்சரை.

"அஞ்சலை" என்றாள் மாரியாயி. "அப்பா பேரு நாகையா."

சாட்சிக்கான தாளில் சீதாலெட்சுமி தன் பெயரை எழுதினாள், அடையாள அட்டையான ஐ.சி.யின் எண்ணை எழுதினாள். பிள்ளைக்கு என்ன உறவு என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"டீச்சர்னு எழுதுங்க" என்றாள் மாரியாயி. குரலில் கனிவும் இல்லை, கோபமும் இல்லை. "எழுதப் படிக்க வச்சீங்கதானே. அது பொய்யில்லையே."

சீதாலெட்சுமி எழுதினாள். கண்ணீர் மறைத்ததில் எழுத்து கோணலாக விழுந்தது. கவுண்டர்க்காரர் தாளை வாங்கி முத்திரை குத்தினார். வெளியே வந்ததும் மாரியாயி, மத்தியான வேலைக்காவது போய்ச் சேர வேண்டும் என்று சொல்லி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு செந்தூல் பஸ்ஸை நோக்கி நடந்தாள். சீதாலெட்சுமிக்கும் அதே பஸ்தான். அவள் ஏறவில்லை. அடுத்த பஸ் வரும்வரை வெயிலில் நின்றாள்.

கடிதம் கிடைத்த பிறகும் இலாகா வகுப்பை மூடவில்லை; ஜனவரியில் அந்த வகுப்புக்கு வேறொரு ஆசிரியை வந்தார்.